ஹீமோஃபிலியா: நேரத்தோடு ஒரு போராட்டம்

ரத்தம் உறையாத குழந்தைகளுக்கு மருந்து இருக்கிறது. அது எத்தனை மணி நேரத்தில் கைக்குக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அவர்கள் நடப்பதும் நொண்டுவதும்.

குழந்தை தவழத் தொடங்கும்வரை பெரும்பாலான பெற்றோருக்கு எதுவும் தெரிவதில்லை. பிறகு முழங்காலில் நீலத் திட்டுகள் தோன்றுகின்றன. தூக்கிய கையின் விரல் தடம் விலா ஓரத்தில் கன்றிப் போய்க் கிடக்கிறது. தடுப்பூசி போட்ட தொடை வீங்கிக் கல்லாகிறது. விழுந்ததில் உதட்டில் ஏற்பட்ட சிறு கீறல் இரண்டு நாட்களாகியும் கசிவதை நிறுத்துவதில்லை. முஸ்லிம் குடும்பங்களில் சில சமயம் சுன்னத்தின்போதே தெரிந்துவிடுகிறது. பாட்டிமார் திருஷ்டி கழிக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் ‘குழந்தையை அடிக்கிறார்களோ’ என்று முணுமுணுக்கிறார்கள். உள்ளூர் டாக்டர் வைட்டமின் எழுதித் தருகிறார்.

குழந்தைக்கு இருப்பது ஹீமோஃபிலியாவாக இருக்கலாம். ரத்தம் உறைவதற்கு வரிசையாகப் பல புரதங்கள் வேலை செய்ய வேண்டும். மருத்துவர்கள் இவற்றுக்கு எண் கொடுத்துக் காரணிகள் என்கிறார்கள். பெற்றோர் பேச்சில் அது ‘ஃபேக்டர்’. எட்டாவது காரணி குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ. ஒன்பதாவது குறைந்தால் ஹீமோஃபிலியா பி. ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்று முதல் வகையுடன் பிறக்கிறது. இரண்டாவது வகை அதைவிட அரிது. இந்தக் கணக்குப்படி இந்தியாவில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்க வேண்டும். ஆனால் கண்டறியப்பட்டுப் பதிவானவர்கள் அதில் ஒரு பகுதியே. மற்றவர்கள் பெயர் தெரியாத ஒரு நோயோடு எங்கோ நொண்டிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது ஒரு பல்லைப் பிடுங்கப் போய் இறந்துவிட்டார்கள்.

கண்டறியும் முதல் படி பெரிய செலவில்லாதது. தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்து, ஏபிடிடி என்ற உறைவு நேரப் பரிசோதனை மட்டும் நீண்டால் சந்தேகம் எழ வேண்டும். எந்தக் காரணி, எவ்வளவு குறைவு என்பதைப் பெரிய மருத்துவமனைகளின் ஆய்வகங்கள் சொல்லும். 1 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் கடுமையான நோய். 1 முதல் 5 வரை நடுத்தரம். அதற்கு மேல் 40 வரை லேசானது.

உள்ளே கசியும் ரத்தம்

இந்த நோயைப் பற்றிய மிகப் பெரிய தவறான எண்ணம், கையில் பிளேடு பட்டால் குழந்தை இறந்துவிடும் என்பது. இவர்களுக்கு மற்றவர்களைவிட வேகமாக ரத்தம் போவதில்லை. நீண்ட நேரம் போகிறது. சிறு வெட்டுக் காயத்தை அழுத்திப் பிடித்தே சமாளித்துவிடலாம். தலையில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்து. அதற்கு அடுத்தபடியாக வாழ்க்கையைக் குலைப்பது வெளியே தெரியாத கசிவு. முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் அடிபடாமலேகூட ரத்தம் இறங்கிவிடும்.

அனுபவப்பட்ட சிறுவர்களுக்கு வீக்கம் வருவதற்கு முன்பே தெரியும். மூட்டில் ஒரு குறுகுறுப்பு, லேசான சூடு. அந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃபேக்டர் ஏறிவிட்டால் பெரும்பாலும் மறுநாளே எழுந்து நடக்கலாம். தாமதமானால் மூட்டு பலூன் போல வீங்கி, வலியில் துடித்து, வாரக்கணக்கில் படுக்கை. ஒரே மூட்டில் திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் உள்ளே இருக்கும் ரத்தம் குருத்தெலும்பை அரித்துவிடும். 15 வயதில் 60 வயது முழங்கால். நம் ஊர்களில் ஹீமோஃபிலியா என்றாலே ஊன்றுகோல் என்று ஆனதற்குக் காரணம், மருந்துக்கும் மூட்டுக்கும் நடுவே இருந்த பஸ் பயணம்.

கணக்கு எளிது. ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட் எட்டாவது காரணி ஏற்றினால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 சதவீதம் உயரும். 20 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு 400 யூனிட் போட்டால் 40 சதவீதம் வரை வந்துவிடும். ஆனால் சுமார் 12 மணி நேரத்தில் அதில் பாதி கரைந்துவிடும். சிறு குழந்தைகளிடம் இன்னும் வேகமாக. ஆகவே கசிவு வந்த பிறகு ஓடுவதைவிட, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது. ஸ்வீடனின் மால்மோ நகரில் 1958லேயே இங்கா மேரி நில்சன் என்ற மருத்துவர் இந்த முறையைத் தொடங்கினார். இந்தியாவில் மருந்தின் விலை அதற்கு இடம் கொடுக்கவில்லை. குறைந்த அளவு மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால்கூட மூட்டுக் கசிவு வெகுவாகக் குறைகிறது என்பது பிறகு இங்கே தெளிவாயிற்று.

அசோக் பகதூர் வர்மா வழி காட்டியது

நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் இந்த நோய்க்குப் பெரும்பாலும் கிடைத்தது ரத்தம், பிளாஸ்மா, கிரையோ ஆகியவைதான். உறைய வைத்த பிளாஸ்மாவை மெல்ல உருக்கினால் அடியில் தங்குகிற படிவில் எட்டாவது காரணி செறிந்திருக்கிறது என்று 1964ல் அமெரிக்காவின் ஜூடித் பூல் கண்டறிந்தார். அதுதான் கிரையோ. உயிர் காத்த இந்தப் பொருட்களே 1980களில் எய்ட்ஸ் கிருமியையும் மஞ்சள் காமாலைக் கிருமிகளையும் சுமந்து வந்தன. உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஹீமோஃபிலியா நோயாளிகள் அதில் மாண்டார்கள். கிருமி நீக்கிய ஃபேக்டரும், ஆய்வகத்தில் மரபணு முறையில் தயாராகும் ஃபேக்டரும் அதன் பிறகே வந்தன.

அந்த இருண்ட காலத்தில், 1983ல், ஹீமோஃபிலியாவோடு வாழ்ந்த அசோக் பகதூர் வர்மா, டெல்லியில் ஹீமோஃபிலியா ஃபெடரேஷன் (இந்தியா) அமைப்பை நிறுவினார். நோயாளிகளும் பெற்றோரும் சேர்ந்து நடத்தும் இதன் கிளைகள் இன்று பல மாநிலங்களில் உள்ளன. அரசுகளிடம் மனுக் கொடுத்ததும் பெற்றோருக்கு ஊசி போடக் கற்றுத் தந்ததும் இந்தக் கிளைகளே. பல மாநிலங்களில் இப்போது அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசம். கேரளம் 2024ல் ஒரு படி மேலே போய், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எமிசிசுமாப் என்ற புதிய மருந்தைக் கொடுக்க முடிவு செய்தது.

இந்த எமிசிசுமாப் எட்டாவது காரணியின் வேலையைத் தான் செய்யும். நரம்பைத் தேட வேண்டியதில்லை. தோலுக்கடியில் வாரம் ஒரு முறை முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை வரை போட்டால் போதும். கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரின் உடல், ஏற்றிய ஃபேக்டரையே எதிரியாகக் கருதி அழித்துவிடும். அவர்களுக்கும் இது பயன்படும். ஆனால் பி வகைக்கு உதவாது. கசிவு தொடங்கிவிட்டால் நிறுத்தவும் தனியே போதாது. விலையோ அதிகம்.

தாயின் மீது விழும் பழி

ஹீமோஃபிலியாவுக்குக் காரணமான மரபணு, எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானால் மற்றது ஈடு கட்டும். ஆணுக்கு ஒன்றே ஒன்று. எனவே தாய் சுமக்கிறாள், மகன் படுகிறான். அப்படிச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் சுமப்பவளாக இருக்கவும் அதே வாய்ப்பு. நோயுள்ள தந்தையின் மகன்களுக்கு வராது. மகள்கள் அனைவரும் சுமப்பார்கள்.

‘உன் வீட்டு ரத்தம்’ என்று மருமகளை ஏசுவதற்கு இது போதுமானதாகிவிடுகிறது. ஏசுகிறவர்கள் அறியாத ஒன்று: ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களில் முன்னோர் எவருக்கும் இந்த நோய் இருந்ததில்லை. மரபணுவில் புதிதாக நேர்ந்த மாற்றம் அது. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்பதும் ஹீமோஃபிலியாவைப் பொறுத்தவரை பொதுவாகச் சரியல்ல. தாய் சுமப்பவளாக இருந்தால் அவள் மாமனைக் கட்டினாலும் அந்நியனைக் கட்டினாலும் மகனுக்கு அதே 50 சதவீதம்தான். சொந்தத் திருமணம் பாதிப்பது வேறு சில ரத்தக் கசிவு நோய்களில். தொப்புள் கொடி விழுந்த இடத்திலேயே கசியத் தொடங்கும் பதின்மூன்றாவது காரணிக் குறைவு ஒன்று. தட்டணுக்கள் ஒட்டாத கிளான்ஸ்மன் நோய் இன்னொன்று. இவற்றுக்கு இரு பெற்றோரிடமிருந்தும் பழுது வர வேண்டும். ஆண், பெண் இருவரையும் இவை தாக்கும்.

பெண்களுக்கு ரத்தக் கசிவு நோயே வராது என்று நினைப்பதும் தவறு. வான் வில்லபிராண்ட் நோய் இரு பாலருக்கும் வரும். ஹீமோஃபிலியாவைச் சுமக்கும் பெண்களில் பலருக்கும் காரணி குறைவாக இருக்கும். மாதவிடாயில் பத்து நாள் போகிறது என்றால் ‘நம் வீட்டுப் பெண்களுக்கு எல்லாம் அப்படித்தான்’ என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்குப் பிரசவத்தின்போதுதான் ஆபத்து தெரிய வருகிறது.

அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும் தம்பதிகளுக்கு, கருவிலேயே கண்டறியும் வசதி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் மும்பையின் தேசிய ரத்த நோய் எதிர்ப்பியல் நிறுவனத்திலும் இருக்கிறது. கருவின் பாலினம் அறியத் தடை விதித்த 1994ம் ஆண்டுச் சட்டமே, பாலினம் சார்ந்த மரபு நோய்களுக்கான பரிசோதனையை அனுமதிக்கிறது.

வீட்டில், பள்ளியில்

சில விதிகளை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் மட்டுமே. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கூடாது. தசையில் ஊசி கூடாது. தடுப்பூசிகளை விட்டுவிடாமல், மருத்துவரிடம் சொல்லி மெல்லிய ஊசியால் போட்டு, பல நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மூட்டு வீங்கினால் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைப்பது, அத்தோடு ஃபேக்டர். பல் பிடுங்குவதற்கு முன் ஃபேக்டர். தலையில் அடிபட்டால் முதலில் ஃபேக்டர், பிறகுதான் ஸ்கேன்.

பஞ்சில் பொத்தி வளர்ப்பதும் கெடுதலே. தசை வலுவாக இருந்தால் மூட்டுக்குக் காவல். நீச்சல் நல்லது, கபடியும் குத்துச்சண்டையும் வேண்டாம். பள்ளியில் உண்மையைச் சொல்லத் தயங்கும் பெற்றோர் உண்டு. சேர்க்க மறுத்துவிடுவார்களோ என்ற பயம். ஆனால் குறுகுறுப்பு என்று கை தூக்கும் மாணவனை ‘பீரியட் முடியட்டும்’ என்று உட்கார வைக்கும் ஆசிரியருக்கு விஷயம் தெரியாவிட்டால் நஷ்டம் ஒரு முழங்கால்.

2016ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோஃபிலியாவையும் பட்டியலில் சேர்த்தது. 40 சதவீதம் பாதிப்பு என்று சான்று பெற்றவர்களுக்கு உயர் கல்வியில் இட ஒதுக்கீடு உண்டு. ஆனால் அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் ரத்த நோய்களுக்கு இடமில்லை. நோயோடு படித்து முடித்த இளைஞன் அங்கே நின்றுவிடுகிறான்.

விஞ்ஞானம் நிற்கவில்லை. 2024 டிசம்பரில் வேலூர் மருத்துவர்கள் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐந்து பேரின் ரத்த மூல செல்களில் சரியான மரபணுவைப் புகுத்தித் திருப்பி ஏற்றினார்கள். அதன் பிறகு, கண்காணிப்புக் காலத்தில் ஐவரில் எவருக்கும் கசிவு ஏற்படவில்லை. இதற்குக் கடும் மருந்துகளால் எலும்பு மஜ்ஜையைத் தயார் செய்ய வேண்டும். பலருக்கும் கைக்கெட்ட இன்னும் காலமாகும்.

அதுவரை தேவைப்படுவது எளியது: தாலுகா மருத்துவமனையின் குளிர்பதனப் பெட்டியில் சில பாட்டில் ஃபேக்டர், அதை நள்ளிரவிலும் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள், நரம்பில் ஊசி ஏற்றக் கற்றுக்கொண்ட ஒரு தாயோ தந்தையோ. விக்டோரியா மகாராணியின் மகன் லியோபோல்ட் 1884ல் கீழே விழுந்து முழங்காலில் அடிபட்டு முப்பது வயதில் இறந்தபோது, பேரரசின் கஜானாவால் வாங்கக்கூடிய மருந்து ஒன்றுகூட உலகில் இல்லை. இன்று இருக்கிறது. வண்டி கிடைக்கவில்லை, ஸ்டாக் இல்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்ற பதில்களால் ஒரு சிறுவன் காலை இழப்பதற்கு இனி நோயைக் குறை சொல்ல முடியாது.