மழைநீருக்கு உரிய இடம்



நபி (ஸல்) அவர்கள் ஜும்ஆப் பிரசங்கம் நிகழ்த்திக்கொண்டிருந்தபோது ஒரு மனிதர் வந்து, மழையின்றிக் கால்நடைகள் அழிகின்றன என முறையிட்டார். நபியவர்கள் துஆச் செய்தார்கள். அடுத்த ஜும்ஆ வரை மழை பொழிந்தது. அப்போது, மழை மிகுதியால் பாதைகள் துண்டிக்கப்பட்டன என்ற முறைப்பாடு வந்தது. எம்மீதன்றி எம்மைச் சுற்றிலும், குன்றுகளிலும் ஓடைகளிலும் மரங்கள் முளைக்கும் இடங்களிலும் பொழியட்டும் என்ற கருத்தில் நபியவர்கள் பிரார்த்தித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள இச்சம்பவம் நமக்கு உணர்த்துவது யாது? மழை அருளாகும்; ஆனால் நீர் உரிய இடத்தைச் சேர வேண்டும்.

நமது மூதூர், மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கும் பிரதேசமாகும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நமக்குக் கிடைக்கின்றது. 2011 ஜனவரி வெள்ளத்தையும் 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலையும் நாம் மறக்கவில்லை. அத்தகைய பெருவெள்ளத்தைத் தடுப்பது நம் கையில் இல்லை. ஆனால் நமது வளவினுள் தேங்கும் நீர் நம் பொறுப்பேயாகும்.

முதலாவது, வேரில் தேங்கும் நீர். மண்ணின் துளைகளில் உள்ள காற்றையே வேர்கள் சுவாசிக்கின்றன. நீர் அத்துளைகளை நிரப்பினால் வேர் மூச்சுத்திணறி அழுகும். பப்பாசி இரண்டு மூன்று நாள் நீரில் நின்றாலே பட்டுவிடக்கூடும். முருங்கையும் கொச்சிக்காயும் தேங்கிய நீரைத் தாங்கா. இலை மஞ்சளாவதைக் கண்டு உரம் போதவில்லை என எண்ணி, நானும் ஒருமுறை யூரியாவை அள்ளிப் போட்டேன். உரம் மழையில் கரைந்தோடியது, மரமும் மடிந்தது. அங்கு தேவைப்பட்டது உரமன்று, ஒரு சிறு வாய்க்கால்!

ஆகவே மாரி தொடங்குமுன் கான்களைத் துப்புரவு செய்யுங்கள். பாத்திகளை உயர்த்தி அமையுங்கள். வாழைக்கு முட்டுக்கொடுங்கள், உயர்ந்த முருங்கையின் கொப்புகளைத் தறித்துவிடுங்கள். காய்ந்த இலைகளால் மண்ணை மூடுங்கள். ஆயினும் தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். ஈர மண்ணை மிதித்து இறுக்காதீர்கள். உங்கள் வளவின் நீரை அயலவரின் முற்றத்திற்குத் திருப்பிவிடவும் வேண்டாம்.

இரண்டாவது, பாத்திரங்களில் தேங்கும் நீர். இது மனித உயிரையே பறிக்கக்கூடியது. 2017ஆம் ஆண்டின் முற்பகுதியில் நமது அயலூரான கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்களைக் காவுகொண்டது. அவ்வாண்டில் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவானது. சிரட்டை, குரும்பை, யோகட் கோப்பை, பழைய டயர், பூச்சாடித் தட்டு, அடைபட்ட கூரைப் பீலி ஆகியனவே அந்நுளம்பின் பிறப்பிடங்கள். முட்டை நுளம்பாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் போதும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். அந்நுளம்பு அதிக தூரம் பறப்பதில்லை. நமது வளவில் பிறந்தது, நம் பிள்ளையையோ அண்டை வீட்டுப் பிள்ளையையோதான் கடிக்கும். அண்டை வீட்டார் நமது தீங்கிலிருந்து பாதுகாப்புப் பெறுவது ஈமானோடு தொடர்புடைய விடயமன்றோ?

இளைஞர்களே! வெள்ளிக்கிழமை காலையில் ஜும்ஆவுக்குக் குளிக்கச் செல்லுமுன் கால் மணி நேரம் வளவைச் சுற்றி வாருங்கள். பெற்றோர்களே! சிறுவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரு ஜும்ஆவுக்கும் மறு ஜும்ஆவுக்கும் இடையில் நீர் எங்கும் தேங்காதிருந்தால், மரமும் பிழைக்கும், மனிதரும் பிழைப்பர், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் இம்மாரியை நமக்குப் பயனுள்ள மழையாக ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.