72 மணி நேரம்

இரணைமடுத் தண்ணீர் வாய்க்காலில் வரும் நாளைக் கேட்டால் முரசுமோட்டையிற் சிறுபிள்ளையுஞ் சொல்லும். காலந் தப்பினாற் பயிர் தப்பும் என்பது எம்மூரார்க்கு எவருங் கற்பிக்க வேண்டாத பாடம். ஆனால், பெண்ணொருத்திக்கு மூன்றே நாட் கெடு வைத்திருக்கும் ஒரு மருந்தைப்பற்றி இங்கே வாய்திறப்பாரில்லை. இளைப்பாறிய ஆசிரியனாகிய நான் இதனை எழுதலாமோ என்று வாசகருட் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்.

அவசர கருத்தடைக் குளிசை என்பது அதன் பெயர். லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்னும் ஓமோன் அதிலுள்ளது. சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படுவதை அது பிற்போடுகிறது. முட்டையே வராவிடிற் கருவேது? ஏலவே தங்கிவிட்ட கருவை அது கலைப்பதில்லை. இதனை அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. கற்றவர் உட்பட எம்மவர் பலர் இதனைக் கருக்கலைப்பு மருந்தென்றே தூற்றுகின்றனர். நாள்தோறும் உண்ணத்தக்க மருந்துமன்று இது. தவறியபோது மட்டும் உதவுவது. அதுவும் விரைந்து உண்டால்தான். 1998 இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், முதல் 24 மணி நேரத்துள் உண்டவரிடையே, நேரக்கூடிய கருத்தரிப்புக்களில் நூற்றுக்கு 95 தடுக்கப்பட்டன. இரண்டாம் நாளில் 85. மூன்றாம் நாளிலோ 58.

1953 இல் நிறுவப்பட்ட குடும்பத் திட்டச் சங்கம், தொண்ணூறுகளின் இறுதியில் ‘போஸ்டினோர்’ என்னும் பெயரில் இதனை இலங்கைக்குக் கொணர்ந்தது. மருத்துவர் சீட்டின்றியே கடையில் வாங்கலாம். கொழும்பிலே அது விற்பனைக்கு வந்த அந்நாளில் வன்னிக்குப் பாதையில்லை; காய்ச்சற் குளிசைக்கே இங்கு பஞ்சம். ஏ-9 வீதி 2002 இல் திறந்து, 2006 இல் மூடி, 2009 இல் ஊரே பெயர்ந்து, பின்பு திரும்பி வந்தோம். இப்போது மருந்து கிளிநொச்சியில் உண்டு. எனினும் எட்டுவதில்லை.

அப்பட்டினத்து மருந்துக்கடை ஒன்றில், பெயர் வேண்டாம், என் இரத்த அழுத்தக் குளிசைக்காக நின்றிருந்தேன். இருபது வயது மதிக்கத்தக்க ஒருத்தி கடதாசித் துண்டொன்றை நீட்டினாள். விற்பவர் அதனை வாசித்துவிட்டு, “ஆருக்குப் பிள்ளை இது? கலியாணம் முடிச்சிட்டியளோ?” என்று கடை முழுதுங் கேட்கக் கேட்டார். நின்றவர்கள் திரும்பிப் பார்த்தனர். “பனடோல் ஒரு கார்ட் தாங்கோ அண்ணை” என்றாள் அவள்; வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஊர்க்கண்ணுக்கு அஞ்சியே பரந்தன் சந்தியில் பஸ் மாறி அவள் வந்திருக்கவேண்டும். அவளுடைய மணிகளில் எத்தனை அவ்வழியிற் கழிந்தனவோ!

அக்கரையிலும் இதே கதைதான். 2005 இல் இந்தியா இதனைச் சீட்டின்றி விற்க அனுமதித்தது. ஆயினும் 2006 இற்குப் பின் தமிழ்நாட்டு மருந்துக்கடைகள் பெரும்பாலும் இதனை வைப்பதையே நிறுத்திவிட்டன. சட்டம் தடுக்காததைக் கடைப்பலகை தடுத்தது.

தடுக்கப்பட்டவள் பின்பு எங்கே போவாள்? 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை இன்றுங் குற்றமென்கிறது. வன்புணர்ச்சிக்கு ஆளானவளுக்கும் விலக்கில்லை. வீடு தேடி வரும் மருத்துவமாதின் பதிவேடோ பெரும்பாலும் மணமானோர்க்கு உரியது. ஆகவே மணமாகாதவளுக்குக் கடைக்காரர் ஒருவரே கதி.

அவரிடம் நான் வேண்டுவது சிறிது. உண்டு 2 மணி நேரத்துள் வாந்தியெடுத்தால் மீண்டும் உண்ணவேண்டும். மாதவிலக்கு ஒரு கிழமைக்குமேற் பிந்தினாற் சிறுநீர்ச் சோதனை செய்யவேண்டும். இவ்விரண்டையுந் தாழ்ந்த குரலிற் சொல்லி, பொருளைக் கடதாசி உறையிலிட்டு, மிச்சக் காசையுங் கொடுத்து அனுப்பலாம்.