பாபிலோனிய வெள்ளத் தொன்மமும் தமிழ்க் கடல்கோள் மரபும்

முன்னுரை

நினிவே இடிபாடுகளில் கிடைத்த ஆப்பெழுத்துக் களிமண் பலகை ஒன்றில் பெருவெள்ளக் கதை இருப்பதை ஜார்ஜ் ஸ்மித் 1872 டிசம்பர் 3 அன்று இலண்டனில் அறிவித்தார். தமிழ்க் கடல்கோள் செய்திகளையும் இக்கதையோடு இணைத்துப் பேசும் வழக்கம் உண்டு. அவ்விணைப்பு எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அக்காடிய மரபு

கி.மு. 17ஆம் நூற்றாண்டில் படியெடுக்கப்பட்ட அத்ரகாசிஸ் காப்பியத்தில், மாந்தரின் ஆரவாரத்தால் உறக்கமிழந்த என்லில், கொள்ளைநோய், வறட்சி, பஞ்சம் ஆகியவற்றை அனுப்பி, இறுதியில் வெள்ளத்தை ஏவுகிறார். என்கி, நாணற்சுவரிடம் பேசுவதுபோல் தம் அடியவனை எச்சரிக்கிறார். அவன் கட்டும் படகு நிலக்கீல் பூசப்பெறுகிறது. இன்று மணலி சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்படும் அப்பொருள், யூப்ரடீசுக் கரையிலுள்ள ஹிட் பகுதியில் இயற்கையாகவே ஊறியது. தொன்மத்தின் படகு அந்நிலத்துத் தொழிலறிவில் உருவானது என்பதற்கு இது சான்று. வெள்ளம் வடிந்தபின், படையலின்றிப் பசித்திருந்த தேவர்கள் ஈக்களைப் போலப் பலியைச் சூழ்கின்றனர். மலட்டுத்தன்மையும் குழந்தை இறப்பும் மக்கட்பெருக்கத்திற்கு வரம்பாக விதிக்கப்படுகின்றன.

தமிழ் மரபு

கலித்தொகையும் சிலப்பதிகாரமும் கடல் கொண்ட பாண்டிய நிலத்தைச் சொல்கின்றன. அவ்விழப்பை ஈடுசெய்யப் பாண்டியன் வேற்று நிலங்களைக் கொண்டதையும் சொல்கின்றன. இறையனார் களவியலுரையில் கடல்கோள் சங்க வரலாற்றோடு இணைகிறது. இவற்றில் தெய்வச் சினமோ, படகோ, மனிதகுலத்தின் அழிவோ இல்லை. மணிமேகலையில் இந்திரவிழா கைவிடப்பட்டதால் காவிரிப்பூம்பட்டினம் கடல்வயப்படுகிறது. தெய்வச் சினம் என்ற அளவில் இது அக்காடியக் கதையை நெருங்கினும், அழிவது ஒரு நகரமே.

நெருங்கிய இணை, வடமொழிப் பாகவதத்தின் எட்டாம் கந்தத்தில் உள்ளது. திராவிட மன்னன் சத்தியவிரதன் கிருதமாலை ஆற்றில் நீர்க்கடன் செய்கையில் மீனைக் காண்கிறான். அதன் எச்சரிக்கைப்படி விதைகளோடும் ஏழு முனிவர்களோடும் படகேறுகிறான். சதபத பிராமணத்தில் மனுவின் கதையாக உள்ள இது, பாகவதத்தில் தென்னாட்டில் நிலைபெறுகிறது. கிருதமாலையை மதுரையோடு இணைப்பது மரபு.

முடிவுரை

காரணம், பரப்பு, எஞ்சியோர் ஆகிய மூன்றையும் ஒருசேர நோக்கினால், அக்காடியக் கதைக்கு இணையாவது சத்தியவிரதன் கதையே, கடல்கோள் அன்று. அந்த இணைவும் கடன்பேற்றை மட்டுமே கொண்டு நிறுவப்போதிய சான்றாகாது. அக்காடியப் புலவர் உலக ஒழுங்கு எவ்வாறு அமைந்தது என வினவினர்; தமிழ்ப் புலவர் இழந்த நிலத்தையும் அதை ஈடுசெய்த அரசையும் நினைந்தனர். இரண்டையும் ஒன்றாக்கினால் கடல்கோள் மரபின் தனித்தன்மையே மறைந்துவிடும்.