சுடுவதற்கு முன்பே தோட்டாவின் வேகத்தைச் சொல்ல முடியுமா? கடலூரில் இறந்த பொறியாளர் தந்த பதில்

ரைஃபிளுக்குப் புதிதாக ஒரு தோட்டாவை வடிவமைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டு எவ்வளவு வேகமாகப் பாயும், போகப்போக எவ்வளவு கீழே இறங்கும் என்பதைச் சுட்டுப் பார்க்காமலே சொல்ல முடியுமா? ஓரளவுக்கு முடியும். அந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவரின் வாழ்க்கை நம்ம கடலூரில்தான் முடிந்தது.

யார் அவர்?

பெஞ்சமின் ராபின்ஸ். இங்கிலாந்துக் கணித அறிஞர். கிழக்கிந்திய கம்பெனியின் கோட்டைகளைப் பலப்படுத்த 1750-ல் தலைமைப் பொறியாளராக இங்கே வந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில், தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். பீரங்கி, துப்பாக்கி பற்றி 1742-லேயே அவர் எழுதிய புத்தகத்தைக் கணித மேதை ஆய்லரே ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

என்ன செய்தார்?

வெடிமருந்து எரிந்து வரும் வாயுவின் அழுத்தம், குழலின் நீளம், குண்டின் எடை. இவற்றை வைத்து, குண்டு கிளம்பும் வேகத்தைக் கணக்கிட்டார். இன்றைய மென்பொருள்களும் அடிப்படையில் இதைத்தான் செய்கின்றன.

சரி, கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்? ஊஞ்சல் போல ஒரு கனமான கட்டையைத் தொங்கவிட்டு அதில் சுட்டார். உதாரணத்துக்கு, 10 கிராம் குண்டு 10 கிலோ கட்டையில் புதைந்து, கட்டை நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நகர்ந்தால், குண்டின் வேகம் நொடிக்குச் சுமார் 500 மீட்டர்.

தெரிந்தது என்ன?

கட்டையைத் தள்ளி வைக்க வைக்க, வேகம் மளமளவென்று குறைந்தது. காரணம், காற்று. காற்றே இல்லையென்றால் அந்த 500 மீட்டர் வேகத்தில் 45 டிகிரி சாய்வில் சுட்ட குண்டு 25 கிலோமீட்டர் போகும். நிஜத்தில் அந்தக் கால உருண்டைக் குண்டு அதில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது.

இன்று எப்படி?

காற்றை ஒரு குண்டு எவ்வளவு நன்றாகக் கிழித்துச் செல்லும் என்பதற்கு 'பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட்' என்ற எண் உண்டு. அதோடு எடையும் வேகமும் முக்கியம். நம் ராணுவம் 7.62 மி.மீ. எஸ்எல்ஆரிலிருந்து 5.56 மி.மீ. இன்சாஸுக்கு மாறியபோது குண்டின் எடை சுமார் 9.5 கிராமிலிருந்து 4 கிராமுக்கு இறங்கியது. வேகம் கொஞ்சம் கூடினாலும் ஆற்றல் ஏறக்குறைய பாதிதான். பதிலுக்கு, பின்னுதைப்பு குறைந்தது. அதிகத் தோட்டாக்களைச் சுமக்க முடிந்தது.

கணக்கு மட்டும் போதுமா?

போதாது. வெயிலில் சூடான வெடிமருந்து அழுத்தத்தை ஏற்றிவிடும். கணக்கு பிசகினால் குழலே வெடித்து, சுடுபவரின் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் புதிய தோட்டாவை முதலில் அழுத்தமானி பொருத்திய சோதனைக் குழலில் சுட்டு, ரேடாரில் வேகத்தை அளக்கிறார்கள். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

உங்கள் எக்ஸெல் ஷீட்டுக்கும் இது பொருந்தும். ஃபார்முலா சொல்வது கணிப்பு மட்டுமே. அதைச் சரிபார்க்க ராபின்ஸ் ஒரு கட்டையைத் தொங்கவிட்டார். உங்களுடைய கட்டை எது?