பைபிளை முடிவு செய்தது நிசேயா கூட்டமா? நம்புவோரும் நம்பாதோரும் தவறவிடும் வரலாறு

கிறிஸ்துமஸ் திறந்த இல்ல உபசரிப்புகளில் சாப்பாடு முடிந்ததும் பேச்சு சில நேரம் சமயத்தின் பக்கம் திரும்பிவிடும். நம் குடும்பங்கள் பலவற்றில் அண்ணன் கோயிலுக்குப் போவார், தங்கை தேவாலயத்துக்குப் போவார், பிள்ளைகளில் ஒருவர் எதிலும் நம்பிக்கை இல்லை என்பார். "பைபிளில் எது இருக்கணும்னு ஒரு ரோமாபுரி ராஜாதான் கூட்டம் போட்டு முடிவு பண்ணினார்" என்பார் ஒருவர். "இல்லவே இல்லை, அது ஆதியிலிருந்தே இப்படியேதான் இருக்கு" என்பார் இன்னொருவர். அதற்குப் பிறகு குரல்கள் உயரும், முகங்கள் சுருங்கும்.

வரலாற்றைப் பார்த்தால், இருவர் சொல்வதிலும் பிழை இருக்கிறது.

யாருக்கு எவ்வளவு தெரியும்?

சமய அறிவைப் பற்றி 2010ஆம் ஆண்டு அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் நடத்திய கருத்தாய்வு அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. மொத்தம் 32 கேள்விகள். அனைவரின் சராசரி 16 மட்டுமே. கடவுள் இல்லை என்போரும் உறுதியாகத் தெரியாது என்போரும் 20.9 பெற்று முதலிடத்தில் இருந்தனர். மார்ட்டின் லூதரின் எழுத்துகளே புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்துக்கு வித்திட்டன என்பதை, புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களிலேயே 53 விழுக்காட்டினரால் சொல்ல முடியவில்லை.

இதை வைத்து, நம்பாதவர்களுக்கே அதிகம் தெரியும் என்று முடிவு கட்டிவிட முடியாது. அந்தக் கேள்விகள் பல சமயங்களைப் பற்றியவை. பைபிளையும் கிறிஸ்தவத்தையும் பற்றிய கேள்விகளை மட்டும் தனியே பார்த்தபோது, மோர்மன் சபையினரும் வெள்ளையின எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களும் முந்தினர். அந்த 12 கேள்விகளிலும் பொதுச் சராசரி 6தான். அதாவது, இரு தரப்பிலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் கட்டுக்கதைகள் குடியேறுகின்றன. அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 2025ஆம் ஆண்டில் 1,700 ஆண்டுகளை நிறைவு செய்த நிசேயா பொதுச்சங்கம்.

நிசேயாவில் நடந்தது என்ன?

நிசேயா என்பது இன்றைய துருக்கியில் இஸ்னிக் என்று அழைக்கப்படும் ஊர். கி.பி. 325இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அங்கே ஆயர்களை, அதாவது பிஷப்புகளை, ஒன்றுகூட்டினார். வந்தவர்கள் சுமார் 300 பேர். 318 பேர் என்பது மரபுவழிக் கணக்கு.

கூட்டத்துக்குக் காரணம் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் எழுந்த ஒரு சர்ச்சை. கடவுளின் மகன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது என்று ஆரியுஸ் என்ற குரு போதித்தார். அவருடைய ஆயர் அலெக்சாந்தர் அதை மறுத்தார். விவகாரம் கிழக்குப் பகுதி முழுவதும் பரவியது. மகனும் தந்தையும் ஒரே சாரம் உடையவர்கள் என்று நிசேயா முடிவு செய்தது. கடைசிவரை கையொப்பமிட மறுத்து ஆரியுஸுடன் நின்ற ஆயர்கள் இருவர் மட்டுமே. ஈஸ்டர் பண்டிகையை எல்லாரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடுவது பற்றியும் பேசினார்கள். சபை ஒழுங்குக்காக 20 விதிகளை வகுத்தார்கள்.

பைபிளில் எந்தெந்த நூல்கள் இடம்பெற வேண்டும் என்ற முடிவு அந்த 20 விதிகளில் இல்லை.

கதை எங்கிருந்து வந்தது?

9ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட ஒரு கிரேக்க நூலில் இப்படி ஒரு கதை வருகிறது: நிசேயாவில் எல்லா நூல்களையும் பலிபீடத்தருகே வைத்து வேண்டினார்களாம், உண்மையான நூல்கள் மேலேயும் போலியானவை கீழேயும் காணப்பட்டனவாம். கூட்டம் நடந்து 500 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு எழுதப்பட்ட இந்த அற்புதக் கதையை, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் கேலி செய்வதற்காக எடுத்துப் பரப்பினார். 2003இல் வெளிவந்த 'தி டா வின்சி கோட்' நாவல், பைபிளைத் தொகுத்தவர் கான்ஸ்டன்டைன் என்ற எண்ணத்தை உலகமெங்கும் கொண்டுபோனது. பக்தர் ஒருவர் எழுதிவைத்த கதை கடைசியில் பக்தியை எதிர்ப்பவர்களின் வாதமாக மாறிய விந்தை இது.

இன்னொரு தவறும் பரவலாக உண்டு. கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தை அரச மதமாக்கினார் என்பார்கள். 313இல் அவரும் சக பேரரசர் லிசினியுஸும் செய்துகொண்ட உடன்பாடு எல்லாருக்கும் வழிபாட்டு உரிமை தந்தது. கிறிஸ்தவத்தை அரச மதமாக்கிய ஆணை 380இல், பேரரசர் தியோடோசியுஸ் காலத்தில்தான் வந்தது.

நம்புவோர் தவறவிடுவது

'பைபிள் ஆதியிலிருந்தே இப்படித்தான்' என்பதும் சரியில்லை. நான்கு நற்செய்தி நூல்கள் மட்டுமே ஏற்கத்தக்கவை என்று கி.பி. 180 வாக்கிலேயே லியோன் நகர ஆயர் இரனேயு வாதிட்டார். ஆனால் எபிரேயர் நிருபம், வெளிப்படுத்தல் போன்ற நூல்களைப் பற்றிப் பல இடங்களில் நீண்ட காலம் தயக்கம் இருந்தது. இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை மட்டும் அப்படியே பட்டியலிட்டதில் நமக்குக் கிடைக்கும் முதல் சான்று, அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய கடிதம். அரசன் ஒருவன் ஒரே நாளில் முடிவு செய்யவில்லை. ஆதியிலேயே முடிந்தும் விடவில்லை. பல தலைமுறைகள் படித்து, வழிபாட்டில் பயன்படுத்தி, விவாதித்துத் தேர்ந்த பட்டியல் அது.

நிசேயாவோடு சர்ச்சையும் ஓயவில்லை. ஆரியுஸை நாடுகடத்திய கான்ஸ்டன்டைனே பின்னர் அவரைத் திரும்ப அழைத்தார். 337இல் மரணத் தறுவாயில் பேரரசருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுஸை ஆதரித்த ஓர் ஆயர். நிசேயாவின் முடிவைக் காத்து நின்ற அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் மீண்டும் ஒரு சங்கம் கூடிய பிறகே நிலைமை மாறியது. ஞாயிறு வழிபாட்டில் 'நிசேயா விசுவாசப் பிரமாணம்' என்று சொல்லப்படுவதும் பெரும்பாலும் அந்தச் சங்கத்தோடு தொடர்புடைய, விரிவாக்கப்பட்ட வடிவம்தான்.

'வெள்ளைக்காரன் மதமா?'

நம்மவர்களிடையே அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. நிசேயாவுக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எகிப்து, சிரியா, பாலஸ்தீனம், ஆசியா மைனர் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். மேற்கிலிருந்து வந்தவர்கள் ஒரு சிலரே. ரோம் நகர ஆயர்கூடத் தாம் வராமல் இரண்டு குருக்களை அனுப்பிவைத்தார்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று கொல்லத்தில் இருக்கிறது. கி.பி. 849இல் வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள், அங்கிருந்த கிறிஸ்தவப் பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. வாஸ்கோ ட காமா கேரளக் கரையை அடைந்தது 1498இல். போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தது 1511இல். பிற்காலத்தில் காலனி ஆட்சியோடு கைகோத்து வந்த கிறிஸ்தவமும் உண்மை. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் பக்கத்தில் வேரூன்றியிருந்த கிறிஸ்தவமும் உண்மை.

தெரிந்துகொண்டால் என்ன பயன்?

இந்த விவரங்களால் யாருடைய நம்பிக்கையும் நிரூபணமாகிவிடாது, பொய்யாகியும் விடாது. இயேசு யார் என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் தத்தம் மனத்தில் விடை தேடிக்கொள்கிறார்கள். நிசேயாவில் என்ன நடந்தது என்ற கேள்விக்கு ஆவணங்கள் விடை சொல்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் சாப்பாட்டு மேசையில் சண்டை வருகிறது.

வாட்ஸ்அப்பில் வரும் ஒரு செய்தி நம் தரப்புக்குச் சாதகமாக இருந்தால் உடனே பகிர்ந்துவிடுகிறோம். அப்படிச் சாதகமான செய்தியைத்தான் இரண்டு மடங்கு கவனமாகச் சரிபார்க்க வேண்டும். இது எல்லாச் சமயத்தவருக்கும், சமயம் வேண்டாம் என்பவர்களுக்கும் பொருந்தும். அடுத்த முறை பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால், குரலை உயர்த்துவதற்கு முன் "இது எந்த ஆண்டு, யார் எழுதியது?" என்று தன்மையாகக் கேட்டுப் பாருங்கள். விடை தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடலாம். அண்ணனும் தங்கையும் ஒரே மேசையில் சாப்பிட்டு முடிக்க அது போதும்.