ஓட்டுக் குடம் பார்க்கலாம்... சாயங்காலம் பறவை பார்க்கலாம்! உத்திரமேரூரில் ஒரு நாள் சுற்றுலா

உத்திரமேரூர்:

வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு லீவில் ஊருக்கு வருபவர்கள் பிள்ளைகளை எங்காவது அழைத்துப் போகணும் என்று நினைத்தால், உடனே மகாபலிபுரம், இல்லாவிட்டால் சென்னை மால் என்று கிளம்பிவிடுகிறார்கள். சவூதியில் தம்மாம், அல்கோபார் நகரங்களில் இருப்பவர்களைக் கேட்டால், 1938ல் எண்ணெய் பீறிட்ட 7-ம் நம்பர் கிணறு பற்றி விலாவாரியாகச் சொல்வார்கள். ஆனால் காஞ்சீபுரத்தில் இருந்து சுமார் 30 கிலோ மீட்டரில், நம்ம உத்திரமேரூரில் 1,100 வருஷத்துக்கு முன்னாடி ஓட்டு போட்ட இடம் இருக்கிறதே, உள்ளே போய் பார்த்தீர்களா என்றால் பாதி பேர் தலையை சொறிகிறார்கள். அந்தப் பக்கமாக பஸ்சில் போகிறவர்களும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அது வைகுண்டப் பெருமாள் கோவில். தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கிறது. பெரிய கோபுரம், கடை வீதி எல்லாம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒரு கல் மண்டபம், அவ்வளவுதான். சமாச்சாரம் முழுக்க சுவரில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அவை. பழைய எழுத்து என்பதால் கடகடவென்று படிக்க வராது. நிதானமாகப் பார்த்தால் ஒரு சில எழுத்து பிடிபடும். 2023 ஜனவரியில் பிரதமர் மோடி ரேடியோ பேச்சில் இந்தக் கல்வெட்டைப் பற்றி பேசினார்.

அது என்ன குடவோலை?

ஊரை 30 குடும்பு, அதாவது இப்போதைய வார்டு மாதிரி பிரித்தார்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி குடத்தில் போட்டார்கள். ஊரே கூடி இருக்கும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வந்த பெயர்தான் மெம்பர். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று வேலை பிரித்துக் கொடுத்தார்கள். ஏரியைப் பார்க்க மட்டும் 6 பேர். பதவி 360 நாள். தப்பு செய்தால் நடுவிலேயே நீக்கம். ஒருமுறை இருந்தவர் 3 வருஷம் கழித்துத்தான் மறுபடி வரலாம்.

முதல் கல்வெட்டில் வயசு 30 முதல் 60 என்று இருந்தது. இரண்டே வருஷத்தில் அதை 35 முதல் 70 என்று மாற்றி இருக்கிறார்கள். சட்டத் திருத்தம் அப்பவே ஆரம்பித்துவிட்டது!

முக்கியமான விஷயம் ஒன்று. பதவியில் இருந்து கணக்கு காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டும் இல்லை. அப்பா, மகன், மாமனார், மருமகன், மாமன், அத்தை மகன், சித்தி பெரியம்மா மகன், மைத்துனர் வரைக்கும் யார் பெயரும் குடத்தில் போகாது. இந்த விதியை இப்போது கொண்டு வந்தால் எத்தனை ஊரில் நிற்க ஆள் கிடைக்கும் என்று நீங்களே கணக்கு போட்டுக் கொள்ளுங்கள்.

அதே நேரத்தில் எல்லாமே பொற்காலம் என்றும் சொல்ல முடியாது. உத்திரமேரூர் அப்போது பிராமணர் ஊர், சதுர்வேதி மங்கலம். கால் வேலிக்கு மேல் (சுமார் ஒன்றரை ஏக்கர்) வரி கட்டும் நிலம் வேணும், சொந்த மனையில் வீடு வேணும், வேதம் தெரியணும். பெண்களுக்கு இடம் இல்லை. நிலத்தில் இறங்கி உழுத கூலிக்காரன் பெயரும் அந்தக் குடத்துக்குள் போனதில்லை. பிள்ளைகளிடம் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

மூன்று மாடி பெருமாள்

அதே ஊரில் சுந்தர வரதராஜப் பெருமாள் கோவில். பல்லவர் காலத்தது. கீழே நின்ற கோலம், நடுவில் உட்கார்ந்த கோலம், மேலே படுத்த கோலம் என்று மூன்று அடுக்கில் பெருமாள் இருக்கிறார். படி ஏற வயசானவர்களுக்கு கொஞ்சம் சிரமம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். கயிலாசநாதர் கோவிலும் இங்கே உண்டு. சாப்பாட்டை ஊரிலேயே முடித்துக் கொண்டு கிளம்புவது நல்லது.

அடுத்து வேடந்தாங்கல். இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் வருகிறது. இங்கேயும் கதையே ஏரிதான். வெள்ளைக்காரன் காலத்தில் சிப்பாய்கள் பறவையை சுட்டுத் தள்ளினார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல்லுக்கு தனி உரம் தேவை இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். கலெக்டர் லயோனல் பிளேஸ் 1798ல் ஊருக்கு உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பறவை பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பது இந்த ஊர் வழக்கம். 2022ல் வேடந்தாங்கலும் பக்கத்து கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

இதே பிளேஸ் துரைக்கு மதுராந்தகத்திலும் ஒரு கதை இருக்கிறது. மழையில் ஏரிக்கரை உடையப் போகிறதே என்று பார்க்கப் போனவர், கரையில் வில்லோடு இரண்டு பேர் காவல் நின்றதைப் பார்த்தாராம். அதனால்தான் அங்கே ஏரி காத்த ராமர். நேரம் இருந்தால் எட்டிப் பாருங்கள்.

வேடந்தாங்கலுக்கு நவம்பரில் இருந்து மார்ச் வரை போகலாம். மழை பொய்த்து ஏரி காய்ந்த வருஷம் போனால் ஏமாற்றம்தான், விசாரித்துவிட்டுப் போங்கள். உச்சி வெயிலில் போவது வீண். நாலு மணிக்கு மேல் கரையில் நின்றால் இரை தேடப் போன நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் கூட்டம் கூட்டமாக மரத்துக்குத் திரும்பும். கூழைக்கடா இறங்குவதைப் பார்த்தால் பிள்ளைகள் கத்துவார்கள், கொஞ்சம் அடக்கி வையுங்கள்.

உத்திரமேரூருக்கு காஞ்சீபுரம், செங்கல்பட்டில் இருந்து அரசு பஸ் இருக்கிறது. வேடந்தாங்கலுக்கு பஸ் குறைவு. டூ வீலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நாலு பேர் சேர்ந்து ஆட்டோ பேசும்போது, திரும்பி வரவும் சேர்த்தே பேசிவிடுங்கள். இருட்டிய பிறகு அங்கே வண்டி கிடைப்பது கஷ்டம்.