புழல் போரும் காணி உரிமையும்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே இருக்கிறது திருமுல்லைவாயில். அங்குள்ள மாசிலாமணீசுவரர் கோயிலில் கருவறைக்கு முன்னால் இரண்டு எருக்கந்தூண்கள். நந்தியோ சுவாமியைப் பார்க்காமல் கிழக்கே திரும்பி உட்கார்ந்திருக்கிறது.

இரண்டுக்கும் காரணம் ஒரே போர்தான் என்கிறது தலபுராணம். புழலில் கோட்டை கட்டி ஆண்ட குறும்பர்களோடு மோதிய தொண்டைமான் மன்னன் முதலில் தோற்றுப் பின்வாங்கினான். வழியில் யானையின் காலைச் சுற்றிய முல்லைக்கொடியை வாளால் வெட்ட, ரத்தம் பீறிட்டது, கொடிக்கடியில் லிங்கம்! இறைவன் நந்தியையே துணைக்கு அனுப்பினார். குறும்பர் வீழ்ந்தனர். அவர்களுடைய கோட்டையிலிருந்து பெயர்த்து வந்தவையாம் அந்தத் தூண்கள்.

பிடித்த நிலத்தை யார் உழுவது? அந்தத் தொண்டைமானாகச் சொல்லப்படும் ஆதொண்டச் சக்கரவர்த்தி வெளியிலிருந்து வேளாளரைக் கொண்டுவந்து குடியேற்றினான் என்பது தொண்டைமண்டல முதலியார்களின் மரபுக்கதை. அவர்களில் துளுவ வேளாளரின் பூர்வீகம் துளுநாடு என்பார்கள்.

ஆதொண்டன் யார்? கரிகாலன் மகன் என்று ஒரு கதை. 1070இல் பட்டமேறிய முதலாம் குலோத்துங்கன் மகன் என்று இன்னொன்று. நடுவே ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு! ஆனால் குலோத்துங்கனுக்கு முன்பே வாழ்ந்த சுந்தரர், தொண்டைமானையும் முல்லைக்கொடியையும் தம் திருமுல்லைவாயில் பதிகத்தில் சொல்லிவிட்டார். முல்லைக்கொடித் தொண்டைமான் ஆதொண்டன்தான் என்றால் இரண்டாவது கதை அங்கேயே அடிபட்டுப் போகிறது.

இந்தக் கதை வெறும் குலப்பெருமையோடு நிற்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்தபோது, காடு திருத்தி முதலில் குடியேறியவர்களுக்கே காணியாட்சி, அதாவது மிராசு என்ற வாதத்துக்கு அது பக்கபலமானது. சென்னை கலெக்டர் எல்லிஸ் 1818இல் மிராசு உரிமை பற்றி எழுதிய அறிக்கையில் ஆதொண்டனும் குறும்பரும் இடம்பெற்றார்கள். அப்படிப் பார்த்தால், தோற்ற குறும்பர் முன்பே அங்கு இருந்தவர்கள்தானே என்ற கேள்வி சும்மா இருக்காது.

வந்தவர்கள் எல்லாரும் இங்கேயே தங்கிவிடவும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் தொண்டைமண்டலத்து அரியநாத முதலியார் மதுரை நாயக்கர்களின் தளவாய், அதாவது படைத்தலைவர் ஆனார். அவரோடு தெற்கே போன குடும்பங்கள் வைகைக்கரைச் சோழவந்தானில் வேரூன்றி, ‘சோழவந்தான் முதலியார்’ என்றே பெயர் பெற்றன.